சேற்று டயரில் சிக்கிய எலுமிச்சம்பழம்

போன வாரம் பாத்திமா போன் பண்ணினாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்த கண்டி டயர் கடையை இப்போது நடத்துபவள் அவள்தான். எங்கள் முதலாளி ரஸீன் ஹாஜியாரின் மகள்.

"அங்கிள், கடைக்கு வாற ஆக்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. தெனமும் ஓடுற ஜீப்புக்கு ஏ.டி. போடுறதா, எம்.டி. போடுறதா? நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. கண்ணாடி போட்டு சொவத்துல மாட்டுவோம்" என்றாள்.

"இப்பதான் எல்லாரும் போன்ல வீடியோ பாத்து முடிவோடயே வாறாங்களேம்மா. நான் என்னத்த எழுத?"

"அதுதான் அங்கிள் பிரச்சினை. புருஷன் ஒரு வீடியோ பாக்குறாரு, பொஞ்சாதி வேற ஒரு வீடியோ பாக்குறாங்க. கடைக்குள்ள வந்து நின்டு சண்டை."

சரி என்று உட்கார்ந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனிடம் ஒரு பக்கம் எழுதச் சொன்னது அவளுடைய தவறு. முதல் பக்கம் முடியும்போது நான் இன்னும் வேலை தேடிக் கண்டிக்கு வந்த ஹேவாஹெட்ட பஸ்ஸிலிருந்து இறங்கவே இல்லை. ஆகவே அவளுக்கு வேண்டிய பதிலைக் கடைசியில் ஒரு வரியில் தருகிறேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

டயர் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஏ.டி. என்றால் எல்லாத் தரைக்கும் பொதுவான டயர். தார் ரோட்டிலும் ஓடும், கல் ரோட்டிலும் ஓடும், கொஞ்சம் சேறு வந்தாலும் முனகிக்கொண்டு ஏறிவிடும். எம்.டி. என்றால் சேற்றுக்கென்றே செய்தது. கட்டை கட்டையாகப் பல், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போகிற பள்ளம். சேற்றை அள்ளி வெளியே எறிந்துகொண்டே போகும். ஆனால் தார் ரோட்டில் ஏறியதும் அரிசி மில் மாதிரி சத்தம் போடும். மழை நனைத்த தாரில் பிரேக் பிடித்தால் நிற்க யோசிக்கும். சீக்கிரம் தேயும். பார்வைக்கு மட்டும் ராஜா. ஜீப் வாங்கும் ஆண்கள் எல்லாருக்கும் முதல் ஆசை எம்.டி.தான், ஏனென்றால் ஜீப் வாங்குவதே பாதி பார்வைக்குத்தான்.

நான் டயர்காரன் ஆனது தற்செயல். துணிக்கடையில் வேலை என்று சொல்லித்தான் மாமா என்னைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கூட்டி வந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது துணிக்கடையில் ஆள் எடுத்துவிட்டார்கள். பக்கத்து டயர் கடையில் எடுத்திருக்கவில்லை. அவ்வளவுதான். டயர் கழற்றும் கம்பி நழுவி நகம் கறுத்து, ஒரு நகம் விழுந்து இன்னொரு நகம் முளைத்து, அப்படியே தொழில் படிந்தது. பெண் பார்க்கப் போனபோது கறுத்த விரல்களைக் காட்டக் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெண் வீட்டார் அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்லாமல் டயரைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, டயர் கடையில் இருந்துகொண்டு ஒரு கறுப்புப் புள்ளி கூடப் படாத மனிதர். ஜீப் ஒன்று வந்து நின்று, இறங்கியவர் "எம்.டி. வேணும்" என்றால், ஹாஜியார் பதில் சொல்ல மாட்டார். பிளேன்டீ குடித்த கோப்பையின் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய், சாரத்தை மடக்கிக் குந்தி, மட்கார்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டித் தட்டில் எடுப்பார். விரலில் தேய்த்துப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். பிறகு தட்டை வந்தவரிடம் நீட்டி, "இது எந்த ஊர்ட மண்ணு?" என்று கேட்பார்.

பத்தில் ஒன்பது பேருடைய ஜீப்பில் தட்டுக்கு வர மண்ணே இருக்காது. "மண்ணே இல்லாத வண்டிக்கு சேத்து டயரு என்னத்துக்கு மகன்? ஏ.டி. போடுங்க, போதும்" என்பார். சிலருக்கு முகம் சுருங்கும். இரண்டொருவர் அடுத்த வாரமே எங்கோ போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்ததும் உண்டு. ஹாஜியார் அதையும் சுரண்டிப் பார்த்து, "இது வயல்ல இருந்து வாளியில அள்ளின சேறு" என்று தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

மண் உண்மையாகவே இருந்தால் அடுத்தது குடும்ப ஓட்டம். இந்தப் பெயர் நான் வைத்தது. கடையில் ஒரு செட் பாவித்துப் பழசான எம்.டி. டயர்கள் சில்லோடு, அதாவது சக்கரத்தோடு, தயாராக இருக்கும். அதை மாட்டிக் கொடுத்து, "வீட்டு ஆக்கள் எல்லாரையும் ஏத்திக்கிட்டு கடுகண்ணாவைக்குப் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்புவார். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குத் தார் ரோடு, ஏற்றம், இறக்கம், வளைவு, நெரிசல் எல்லாம் உண்டு. திரும்பி வந்ததும் ஓட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பின்சீட்டில் இருந்தவரிடம்தான் கேட்பார்.

பேராதனைப் பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் இப்படிப் போய் வந்தார். மனைவி இறங்கியதும் எங்களைப் பார்த்து, வீட்டுக்குப் போக குட்ஷெட் பஸ் ஸ்டான்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார். பிள்ளைகள் இரண்டும் காதைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. மாமனார் மட்டும் சந்தோஷமாக இறங்கி, "மிச்சம் சொகமா ஈந்திச்சி" என்றார். கான்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. அப்போது பெரியவர் சட்டைப் பையிலிருந்து காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இப்ப செல்லுங்க, என்ன கேட்டீங்க?" என்றார். அந்த ஜீப்புக்கும் ஏ.டி.தான் போனது.

இனி டாக்டர் கதைக்கு வருகிறேன். நான் பார்த்த ஜீப்புகளிலேயே என்னைத் தூங்க விடாமல் செய்தது அதுதான்.

டாக்டர் கேதீசன் யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தோடு கண்டியில் குடியிருந்தார். வேலை, ஹேவாஹெட்டவுக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தின் ஆஸ்பத்திரியில். தினமும் ஜீப்பில் போய் வருவார். அவருக்கு முன்னால் எங்கள் தோட்டத்துக்கு வந்த டாக்டர்மார் எல்லாரும் வெயிலில் வந்து மழையில் போனவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் கடைசி ஏற்றம் முழுக்கக் களிமண். மழை பெய்தால் கோதுமை மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும்.

அந்தத் தோட்டத்தில் என் அக்கா ராமாயி இருந்தாள், இருக்கிறாள். அவளுக்குச் சீனி வியாதி. தேயிலை மலையில் கட்டை குத்திய காயம் காலில் ஆறாமல் புரையோடி, கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் கேதீசன்தான் "முதல்ல நான் பாக்கிறன்" என்று பொறுப்பெடுத்தார். தினமும் தன் கையாலேயே கழுவி மருந்து வைத்துக் கட்டினார். காயம் மெல்ல மெல்ல வாய் மூடத் தொடங்கியிருந்தது. ஒரு நாளும் விடக் கூடாது என்பது அவர் கட்டளை. அக்கா ஒரு நாளும் விடவில்லை. ஆனால் மழைக்காலம் வந்ததும் டாக்டரின் ஜீப் விடத் தொடங்கியது.

ஒருநாள் அந்த ஜீப் எங்கள் கடைக்கு வந்தது. ஓட்டியவர் டாக்டர். பக்கத்தில் மனைவி யாழினி. பின்சீட்டில் குடையும் சுடுதண்ணிப் போத்தலுமாக டாக்டரின் மாமியார் சிவபாக்கியம் அம்மா. ஹாஜியார் தட்டோடு குந்தினார். இந்த முறை தட்டு நிறைந்து வழிந்தது. எட்டிப் பார்த்ததுமே நான், "மொதலாளி, இது எங்க தோட்டத்து மண்ணு" என்றேன். அந்த மஞ்சள் களியை உரித்து உரித்து வளர்ந்த கால் இது.

"ஏத்தத்தில புதைஞ்சு போகுது. டிராக்டர்தான் இழுத்து விடுது. பிள்ளைகள் எல்லாம் வந்து நிண்டு வேடிக்கை பாக்குதுகள்" என்றார் டாக்டர். "எனக்கு எம்.டி. வேணும்."

"உந்தச் சத்தத்தோட நாங்கள் இருக்கேலாது" என்றார் யாழினி. "இவர் வேலைக்கு மட்டுமே ஜீப் ஓடுறார்? கடைக்கு, கோயிலுக்கு, யாழ்ப்பாணத்துக்கு எல்லாம் இதிலதானே போறம். நான் சொல்லிப் போட்டன், ஒழுங்காப் போய்வர ஏலாட்டி வேற ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கேக்கச் சொல்லி."

டாக்டர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இந்த மாசத்துக்குள்ள ஒரு முடிவெடுக்கத்தான் வேணும்" என்றார். அவர்கள் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்காவின் பாதம்தான் கண்ணில் நின்றது.

குடும்ப ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஹாஜியார் அனுப்பினார். நான் அக்காவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அது போதும். தோட்டத்தில் ஒருவரிடம் சொன்னது கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஞாயிறு காலை நான் கடையைத் திறந்தால், வாசலில் அக்கா நிற்கிறாள். கட்டுப்போட்ட கால், கையில் ஹாஜியாருக்கு ஒரு பை லீக்ஸ் காய்கறி. பக்கத்தில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் முத்துசாமி, வேட்டி சட்டையோடு.

"இந்தக் காலோட ஏன் பஸ்ல வந்த?" என்று கத்தினேன்.

"நீ ஒழுங்கான டயரு போடுவியோ மாட்டியோன்னுதான் வந்தேன்" என்றாள் அக்கா.

தலைவர் நேரே ஹாஜியாரிடம் போனார். "மொதலாளி, டாக்டர் ஐயா ஜீப்புக்கு உள்ளதுலயே பெரிய பல்லு வச்ச டயரா போடுங்க. டிராக்டர் டயரு போட முடியும்னாலும் சரிதான். அவரு மலையேறி வந்துட்டா போதும்."

அப்போதுதான் ஜீப் வந்து நின்றிருந்தது. பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "ஆர் இவர்? எங்கட மருமகன் வயல் உழவே போறார்?" என்றது சிவபாக்கியம் அம்மாவின் குரல்.

"நான் தோட்டத்துத் தலைவருங்கம்மா."

"தலைவரெண்டா டயர் விசயமும் பாப்பியளோ?"

நான் எம்.டி. செட்டை மாட்டி முடித்தேன். ஜீப் புறப்படப் போகும் நேரத்தில் சிவபாக்கியம் அம்மா மறித்தார். சில்லு மாற்றிய வண்டி தேசிக்காய் நசிக்காமல் நகரக் கூடாது என்று அவர் சட்டம். கைப்பையிலேயே கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் எலுமிச்சம்பழம் என்போம், பெயர்தான் வேறு, சட்டம் எங்களுக்கும் அதேதான். டயருக்கு ஒன்றாக வைத்தேன். ஹாஜியார் தூர நின்று பார்த்தார்.

டாக்டர் ஜீப்பை மெல்ல நகர்த்தினார். மூன்று பழம் படக் படக்கென்று நசுங்கின. நான்காவது சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தால், முன்பக்கத்து டயரில் இரண்டு பல்லுக்கு நடுவே பள்ளத்தில், அந்தச் சின்னப் பழம் முழுசாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கீறல் கூட இல்லை. நான் எத்தனையோ டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். ஒரு பழம் டயருக்குள் குடியேறிப் பார்த்ததில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்றார் சிவபாக்கியம் அம்மா. டாக்டர் பின்னால் எடுத்தார். பழம் டயரோடு சேர்ந்து மேலே போய், மட்கார்டுக்குள் மறைந்து, மறுபடி கீழே வந்தது. முன்னால் எடுத்தார். பழம் மறுபடி ஒரு சுற்றுப் போய் வந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

"சகுனம் சரியில்லை. பலி எடுக்காத சில்லு வேற பலி கேக்கும்" என்றார் சிவபாக்கியம் அம்மா.

"இல்லீங்கம்மா" என்று தலைவர் துணிந்து முன்னால் வந்தார். "எலுமிச்சம்பழத்தையே இப்படிப் புடிக்குதுன்னா சேத்த எப்படிப் புடிக்கும்? ரொம்ப நல்ல சகுனம்."

ஹாஜியார் கையை அசைத்து, "அதும் ஒரு ஆள்தான், அதையும் ஏத்திக்கிட்டு போய்ட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார்.

தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் கடைக்குள் உட்கார்ந்து காத்திருந்தோம். ஜீப் திரும்பி வருவதைப் பார்க்குமுன் கேட்டோம். அக்காவின் முகம் மலர்ந்தது. "எம்புட்டு தூரத்துல வாறப்பவே கேக்குது பாருடா. டாக்டரு வாறாருன்னு நாங்க மலையில இருந்தே தெரிஞ்சிக்கலாம்" என்றாள்.

ஹாஜியார் பின்சீட்டுக் கதவைத் திறந்தார். "எப்படி ஈந்திச்சி?"

சிவபாக்கியம் அம்மா இறங்கித் தன் சேலையைக் காட்டினார். சுடுதண்ணிப் போத்தலிலிருந்த தேத்தண்ணி முழுக்க அதில் இருந்தது. "போகேக்க வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டு போனன். நான் கும்பிட்டது எனக்கே கேக்கேல்லை. வரேக்க கும்பிடவும் நேரமில்லை."

மீதியை யாழினி சொன்னார். கடுகண்ணாவை இறக்கத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றிருக்கிறது. டாக்டர் பிரேக் பிடித்திருக்கிறார். நனைந்த தாரில் ஜீப் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. அது விளையாட்டில்லை. தினமும் கண்டிக்கும் ஹேவாஹெட்டவுக்கும் அத்தனை வளைவில் ஓடப் போகிறவர் யாழினியின் கணவர்.

நான் டயரைக் குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் கடுகண்ணாவைக்குப் போய் வந்து அப்படியே இருந்தது.

"எம்.டி. இல்லை" என்றார் டாக்டர். "ஏ.டி. போட்டா ஏத்தத்தில புதையும். அப்ப மாற்றத்துக்கு எழுதிக் குடுக்கிறதுதான் சரி." கோபமாகச் சொல்லவில்லை. மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அக்கா கட்டுப்போட்ட காலைத் தான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஹாஜியார் எல்லாருக்கும் பிளேன்டீ எடுக்கச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. பிறகு அவர் தலைவரைக் கேட்டார். "தலைவர், சேறு எவ்வளவு தூரம்?"

"பூரா ரோடும் சேறுதாங்க."

"பொய் சொல்லாதீங்க தலைவரே" என்றாள் அக்கா. "கோயில் வளைவுல இருந்து ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும்தான். அந்த ஏத்தம் மட்டும்தான்."

"அந்தக் கொஞ்ச இடத்துக்குக் கல்லுப் போட ஏலாதோ?" என்று கேட்டார் சிவபாக்கியம் அம்மா.

தலைவர் கையை விரித்தார். "கேக்காத எடமில்லம்மா. தோட்டத்துல கேட்டா பிரதேச சபைய காட்டுறாங்க, பிரதேச சபையில கேட்டா தோட்டத்த காட்டுறாங்க. நாமளே சிரமதானம் போட்டு கல்லு போடுவோம்னு கூப்பிட்டா, ஞாயித்துக்கெழம ஒரு பய எந்திரிச்சி வர மாட்டான்."

"எங்கட ஊரில தேர் ஓடுற வீதியெண்டா ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை. ஊரே வந்து செப்பனிடும். உங்களிட்டத் தேர் இல்லையாக்கும்."

தலைவருக்குச் சுருக்கென்று தைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் இல்ல? எங்க மாரியம்மனுக்கு ஜீப்பு அச்சுல தேரு செஞ்சி வச்சிருக்கோம். தேரு போற பாதையில இந்த மழைக்கும் ஒரு சொட்டு சேறு பாக்க முடியாது. கல்லு அடுக்கி, மண்ணு போட்டு, தடியால இடிச்சி வச்சிருக்கோம்."

"அப்ப மருமகன் அந்தப் பாதையால வரலாமே?"

"அது நாங்க குடியிருக்குற லயத்துப் பக்கம் போவுதுங்க. ஆஸ்பத்திரி மறுபக்கம்."

சிவபாக்கியம் அம்மா ஒரு மிடறு பிளேன்டீ குடித்தார். அவசரப்படவே இல்லை. "ஏன், அம்மாளாச்சி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தா ஆகாதோ? நோய் நொடி பாக்கிறதே அவவின்ர வேலைதானே. ஒருநாளைக்கு வந்து பாத்திட்டுப் போகட்டுமன்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் துடைப்பது மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தலைவர் அக்காவைப் பார்த்தார், அக்கா தலைவரைப் பார்த்தாள். "டாக்டருக்குன்னா வர மாட்டானுக. அம்மனுக்குன்னா கல்லு சொமக்காம இருக்க முடியாதே" என்று தலைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருவிழா அடுத்த மாதம். அது முடியும்வரை மாற்றத்துக்கு எழுதுவதில்லை என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். நான் எம்.டி. செட்டைக் கழற்றி ஏ.டி. மாட்டினேன். சிவபாக்கியம் அம்மா புதிதாக நான்கு தேசிக்காய் வைக்கச் சொன்னார். நான்கும் ஒழுங்காக நசுங்கின. "இது வண்டி" என்றார்.

ஆனால் தேர்ப் பாதையை மாற்றுவது டயர் மாற்றுவது மாதிரி அல்ல. கோயில் கமிட்டி கூடியது. பாட்டன் காலத்திலிருந்து போகிற பாதையை மாற்றக் கூடாது என்று பாதிப் பேர். கடைசியில் அம்மனிடமே கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்று பூசாரி சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. பூ கட்டிக் கொடுத்தவள் என் அக்கா. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார், பிரித்தார், வெள்ளை. எல்லாரும் அரோகரா என்றார்கள்.

பிறகு எனக்குப் போன் பண்ணினாள். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான்டா கட்டுனேன். பாவம், அம்மனுக்கு எத்தனையோ சோலி. நம்மளால ஆன ஒத்தாசை."

அதற்குப் பிறகு நடந்ததை நான் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்காத பயல்கள் எல்லாரும் விடிவதற்கு முன் ஏற்றத்தில் நின்றார்கள். ஆண்கள் கல் உடைத்தார்கள், பெண்கள் கூடையில் சுமந்தார்கள். இத்தனை வருஷமாகப் பிரதேச சபையைக் காட்டிக்கொண்டிருந்த, தோட்டத்தை நடத்தும் துரையும், அம்மன் விஷயம் என்றதும் டிராக்டரில் கல் அனுப்பினார். அக்காவை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் டாக்டர் ஜீப்பைக் கோயிலடியில் விட்டுவிட்டு நடந்தே ஏறினார். கட்டு மாற்றுவது ஒரு நாளும் தவறவில்லை.

திருவிழாவுக்கு முன் இன்னொரு சங்கடம். தேரின் டயர்கள் வழவழவென்று தேய்ந்தவை. பழக்கமான சமதரையில் ஓடின. இந்தப் புது ஏற்றத்தில் வழுக்கினால் அம்மனோடு சேர்ந்து கீழே வந்துவிடும். நான் ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் மூலையில் கிடந்த எம்.டி. செட்டைக் காட்டினார். "கொண்டு போ. இத்தனை வருசமா குடும்ப ஓட்டத்துல இதோட ஒரு ஆளும் பாஸாவல்ல. தேர்ல பின்சீட்டும் இல்ல, முறைப்பாடும் வராது."

நானே கொண்டுபோய் மாட்டினேன். ஜீப் அச்சு என்பதால் அளவு சரியாகப் பொருந்தியது. என் வேலைக் காலத்தில் நான் சேற்று டயர் மாட்டிய வண்டிகளில், உண்மையாகவே அது தேவைப்பட்ட வண்டி அதுதான்.

திருவிழா அன்றும் தூறல். டாக்டர் குடும்பத்தோடு வந்தார். ஏ.டி. டயர் கல் பாவிய ஏற்றத்தில் முனகாமல் ஏறி ஆஸ்பத்திரி கேட்டில் நின்றது. சிவபாக்கியம் அம்மா சேலையில் ஒரு துளி தேத்தண்ணி சிந்தாமல் இறங்கி, நேரே கோயிலடிக்கு வந்துவிட்டார். பூசாரி தேர்ச் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். வடம் இழுத்தார்கள். மூன்று நசுங்கின.

நான்காவது மறுபடியும் பள்ளத்துக்குள் போய் முழுசாக உட்கார்ந்துகொண்டது.

தலைவர் கடையில் நடந்ததைத் தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தார். ஆகவே தவில் நின்றது, வடம் பிடித்தவர்கள் நின்றார்கள், எல்லாத் தலையும் சிவபாக்கியம் அம்மா பக்கம் திரும்பியது. அவர் கெட்ட சகுனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தேர் அந்த இடத்தைவிட்டு நகராது.

அவர் குனிந்து சில்லைப் பார்த்தார். நிமிர்ந்தார். "என்ன பாக்கிறியள்? அம்மாளாச்சி தேசிக்காயை வீணாக்காமல் முழுசா வாங்கியிருக்கிறா. இழுங்கோ!"

தவில் வெடித்தது. நான் மெல்லப் பக்கத்தில் போய், "அன்னைக்கு சகுனம் சரியில்லன்னு சொன்னீங்களேம்மா?" என்றேன்.

"அண்டைக்கு அதில ஏறினது நான்" என்றார்.

தேர் ஒரு இடத்தில் கூட வழுக்காமல் ஏற்றம் ஏறியது. பின்னால் ஊரே வெறுங்காலோடு வந்தது. அக்கா மட்டும் செருப்போடு. பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்டடியில் தேங்காயோடு நின்ற டாக்டர் அங்கிருந்தே, "அவ செருப்போடதான் நடக்கோணும். அம்மாளாச்சி கேட்டா நான் பதில் சொல்லுறன்" என்றார். அக்கா நடந்தாள். யாரையும் பிடிக்காமல், தான் கத்திக் கத்திப் போடவைத்த கல்லின் மேல், இரண்டு பாதத்தையும் ஊன்றி நடந்தாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. தூறல் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

தேங்காய் உடைத்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "செல்வராஜ், இந்த ஏ.டி. எவ்வளவு காலத்துக்கு ஓடும்?"

"காத்து அளவா வச்சி பக்குவமா ஓட்டினீங்கன்னா நாலஞ்சு வருசத்துக்கு பயமில்ல டாக்டர்."

அவர் மனைவியைப் பார்த்தார். யாழினி ஏற்றத்தைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார். "சரி, டயர் தேயுமட்டும் இருப்பம்" என்றார்.

அந்த டயர்கள் தேய்ந்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், என் கையாலேயே கழற்றினேன். டாக்டர் பக்கத்தில் நின்று, "பழையபடி அதே ஏ.டி.யைப் போடுங்கோ" என்றார். இன்றைக்கும் அதே ஏற்றத்தில்தான் போய் வருகிறார்.

ஆகவே பாத்திமாவுக்கு நான் தரும் ஒரு வரி இது: டாக்டருக்கு ஏ.டி., அம்மனுக்கு எம்.டி.

எழுதியதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா தம்பி, செவத்துல மாட்டுறதுக்கு முன்ன அந்தப் பூ விசயத்த மட்டும் எடுத்துரு" என்றாள்.

"ஏன்?"

"பூசாரி இப்ப ஆட்டோ வாங்கியிருக்காரு. டயரு மாத்த ஒங்க கடைக்குத்தான் வருவாரு."